41 வயதில் நாயகனான ஹம்ப்ரி போகார்ட்

ஹாலிவுட் நடிகர் ஹம்ப்ரி போகார்ட் 40 வயதைக் கடந்த பிறகே முதன்மை நாயகனானது ஏன், அன்றைய நட்சத்திரம் ஜார்ஜ் ராஃப்ட் வேண்டாமென்று ஒதுக்கிய படங்கள் அவருக்கு வாய்த்த அதிர்ஷ்டம் ஒன்றுதான் அதற்குக் காரணமா என்பது கேள்வி. ராஃப்ட் ஒதுக்கியது உண்மை. அவர் ஒதுக்காமலிருந்தால் போகார்டின் திரைவாழ்வு 1941இல் அப்படித் திரும்பியிருக்காது என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கதை வாய்ப்பு வந்த வழியை மட்டுமே சொல்கிறது. வந்த வாய்ப்பை வைத்து அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்வதில்லை. வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தில் இரண்டாம் நிலை வில்லனாகக் கழிந்த ஐந்தாண்டுகளில் போகார்ட் ஒன்றை ஆழமாகக் கற்றுக்கொண்டார். உள்ளுக்குள் பயம் உள்ள மனிதனைத் திரையில் எப்படிக் காட்டுவது என்பதே அது. பின்னர் நாயக வேடம் கிடைத்தபோது அந்தப் பயத்தை அவர் வெளியே விட்டுவிட்டு வரவில்லை, கூடவே கொண்டுபோனார். அவருடைய சிறந்த படங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இதுவே என்று நான் கருதுகிறேன்.

முதலில் அவருடைய பின்னணி. போகார்ட் 1899 டிசம்பர் 25 அன்று நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை பெல்மாண்ட் அறுவை மருத்துவர். தாய் மாட் ஹம்ப்ரி பத்திரிகைகளுக்கும் விளம்பரங்களுக்கும் வரைந்து புகழ்பெற்ற ஓவியர். திரையில் தெருச்சண்டைக்காரனாக அறியப்பட்டவர் நிஜத்தில் வசதியான வீட்டுப் பிள்ளை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிலிப்ஸ் அகாதமியில் சேர்க்கப்பட்டு, 1918இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டு, கடற்படையில் சிறிது காலம் பணியாற்றினார். பிறகு, குடும்ப நண்பரான நாடகத் தயாரிப்பாளர் வில்லியம் பிரேடியிடம் அலுவலக வேலைக்குச் சேர்ந்து, அந்த வழியாக மேடையேறினார். 1920கள் முழுவதும் நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில் அவருக்குக் கிடைத்தவை அழகாக உடுத்திய, பணக்கார வீட்டு இளைஞர் வேடங்கள்தாம். பேசும்படம் வந்ததும் குரல் பயிற்சி உள்ள மேடை நடிகர்களை ஹாலிவுட் தேடியது. 1930இல் ஃபாக்ஸ் நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. அவ்வாண்டே ஜான் ஃபோர்டு இயக்கிய 'அப் தி ரிவர்' படத்தில் ஸ்பென்சர் டிரேசியுடன் நடித்தார். அந்த முயற்சி நிலைக்கவில்லை. சில சிறு வேடங்களுக்குப் பிறகு மீண்டும் நியூயார்க். பொருளாதாரப் பெருமந்தம் நாடக உலகையும் நெரித்துக்கொண்டிருந்த காலம் அது. 1934இல் அவருடைய தந்தை கடன்களை விட்டுவிட்டு இறந்தார். அப்போது போகார்டுக்கு 34 வயது. அன்றைய நிலையில் அவரைத் தோற்றுப்போன நடிகர் என்று சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

திருப்பம் 1935 ஜனவரியில் வந்தது. ராபர்ட் ஷெர்வுட் எழுதிய 'தி பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட்' என்ற நாடகம் பிராட்வேயில் அரங்கேறியது. தயாரித்து இயக்கியவர் ஆர்தர் ஹாப்கின்ஸ், நாயகன் லெஸ்லி ஹோவர்ட். அரிசோனா பாலைவனத்தில் ஓர் உணவகத்தைக் கைப்பற்றி, அங்கிருப்போரைப் பிணையாக வைத்திருக்கும் தப்பியோடிய கொலைகாரன் டியூக் மேன்டியாக போகார்ட் நடித்தார். அப்போது நாட்டையே பரபரப்பில் ஆழ்த்தியிருந்த வங்கிக் கொள்ளையன் ஜான் டில்லிஞ்சரின் சாயல் அந்தப் பாத்திரத்தில் இருந்தது. வார்னர் பிரதர்ஸ் அதைப் படமாக்க உரிமை வாங்கியபோது, மேன்டி வேடத்துக்குத் தங்களிடம் ஏற்கெனவே பெயர்பெற்றிருந்த எட்வர்ட் ஜி. ராபின்சனையே நினைத்தது. போகார்ட் இல்லையென்றால் தானும் நடிக்கப்போவதில்லை என்று ஸ்டுடியோவை நடத்திய ஜாக் வார்னருக்குத் தந்தியடித்தார் ஹோவர்ட். போகார்ட் அதை மறக்கவே இல்லை. 1952இல் பிறந்த தம் மகளுக்கு லெஸ்லி என்று பெயர் வைத்தார். ஹோவர்ட் 1943இலேயே போரில் இறந்துவிட்டிருந்தார்.

1936இல் வெளிவந்த அந்தப் படத்தை இன்று பார்த்தால் மேடைத்தன்மை சற்றுத் தூக்கலாகவே தெரியும். ஆனால் போகார்டின் உடலைக் கவனியுங்கள். தோள்கள் முன்னோக்கி வளைந்து, கைகள் இரண்டும் உடலுக்கு முன்னால் பாதி மடிந்து தொங்குகின்றன, நெடுநாள் விலங்கில் இருந்த மனிதனுக்குக் கைகளை வேறெப்படி வைத்துக்கொள்வது என்றே தெரியாததுபோல. அவனிடம் துப்பாக்கி இருக்கிறது, அறையிலுள்ள அனைவரும் நடுங்குகிறார்கள்; இருந்தும் அந்த அறையிலேயே மிகவும் களைத்துப்போனவனும் முடிவு நெருங்குவதை அறிந்தவனும் அவன்தான் என்பது வசனமின்றிப் புரிகிறது.

இந்த வெற்றிக்குப் பிறகும் நாயகனாக ஏன் ஐந்தாண்டுகள் பிடித்தன என்பதற்கு, அன்றைய ஸ்டுடியோ ஒப்பந்த முறையைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒப்பந்தம் வழக்கமாக ஏழாண்டுகளுக்கு இருக்கும். ஆனால் குறிப்பிட்ட இடைவெளிகளில் அதைத் தொடர்வதா முடிப்பதா என்று தீர்மானிக்கும் உரிமை நிறுவனத்துக்கு மட்டுமே உண்டு, நடிகருக்கு இல்லை. கொடுத்த வேடத்தை மறுத்தால் சம்பளமின்றி இடைநீக்கம்; அப்படி வேலையின்றி இருந்த நாள்களும் ஒப்பந்தக் காலத்தின் முடிவில் சேர்க்கப்படும். இந்த ஏற்பாட்டை எதிர்த்து நடிகை பெட்டி டேவிஸ் 1936இல் லண்டன் நீதிமன்றத்தில் தோற்றார். நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் தொடுத்த வழக்கில் 1944இல் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகுதான் நடிகர்களுக்கு விடிவு பிறந்தது. போகார்ட் சேர்ந்த காலத்தில் வார்னரின் குற்றப் படங்களுக்கென்று ஒரு வரிசையே இருந்தது. நல்ல கதை வந்தால் முதலில் ஜேம்ஸ் காக்னிக்கு, ராபின்சனுக்கு, பால் முனிக்கு. 1939 முதல் ஜார்ஜ் ராஃப்டுக்கும். அவர்கள் சுட்டுவீழ்த்துவதற்கு ஒரு துரோகி தேவைப்பட்டால் போகார்டுக்கு. எதையும் மறுக்காமல் நடிப்பதே அவருடைய வழியாக இருந்தது. மல்யுத்த நகைச்சுவைப் படம், மேற்கத்தியக் குதிரைப் படம், வெளிறிய முகத்தோடு இரத்தம் தேடும் பிணமாக நடித்த 'தி ரிட்டர்ன் ஆஃப் டாக்டர் எக்ஸ்', குதிரை லாயக்காரராக வந்த 'டார்க் விக்டரி' என்று 1936 முதல் 1940 வரை வருடத்துக்கு ஐந்தாறு படங்கள் வந்தன. அவற்றுள் பல மறக்கப்பட வேண்டியவை என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

ஆனாலும் அந்த வில்லன் வேடங்களை வெறும் வீணான ஆண்டுகளாகக் கணக்கிடுவதை நான் ஏற்கவில்லை. காக்னியின் கேங்ஸ்டர் வாழ்க்கையைச் சுவைப்பவன். அவனுடைய கொடுமையிலும் ஒரு துள்ளல் உண்டு. அவனுக்கு எதிரே நிற்கும் போகார்டுக்கு அந்தத் துள்ளலுக்கு இடமில்லை. எனவே அவர் அதன் மறுபக்கத்தை எடுத்துக்கொண்டார். 'ஏஞ்சல்ஸ் வித் டர்ட்டி ஃபேசஸ்' (1938) படத்தில் கூட்டாளியை ஏமாற்றிய வழக்கறிஞராக வரும் அவர், காக்னி கதவைத் திறந்து உள்ளே வரும் ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே கண்களால் வெளியேறும் வழியைத் தேடுகிறார். 'தி ரோரிங் ட்வென்டீஸ்' (1939) இறுதியில், அதுவரை இரக்கமின்றிக் கொன்றவர் காக்னியின் துப்பாக்கிக்கு முன்னால் உயிருக்குக் கெஞ்சுகிறார். அந்தக் கெஞ்சலில் அவர் தம் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொள்ள எந்த முயற்சியும் செய்வதில்லை. நட்சத்திர நடிகர் ஒருவர் அப்படி நடிக்கச் சம்மதிக்க மாட்டார். நட்சத்திரமாக இல்லாததாலேயே அவருக்கு அந்தப் பயிற்சி கிடைத்தது.

இனி ராஃப்ட் விஷயம். 'ஹை சியரா' படத்தை முதலில் பால் முனி விட்டார், பிறகு ராஃப்ட் மறுத்தார். திரையில் சாகும் குற்றவாளியாக நடிக்க ராஃப்டுக்கு விருப்பமில்லை. ஆனால் இந்த இடத்தில் பலரும் விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு. முனி நடிப்பது உறுதியில்லை என்று கேள்விப்பட்ட போகார்ட், 1940 மே மாதத்திலேயே தயாரிப்புப் பொறுப்பாளர் ஹால் வாலிஸுக்குத் தந்தியடித்து அந்த வேடத்தைக் கேட்டிருந்தார். தமக்குப் பிடித்த வேடம் வந்தால் சொல்லுமாறு வாலிஸ் முன்பு கூறியிருந்ததையும் அதில் நினைவூட்டினார். எனவே வாய்ப்பு அவர் மடியில் தானாக வந்து விழவில்லை. எது தம் வேடம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, கேட்டும் இருந்தார். ராவுல் வால்ஷ் இயக்கத்தில் 1941 ஜனவரியில் படம் வந்தபோது விளம்பரத்தில் முதல் பெயர் ஐடா லுபினோவுடையதுதான். சிறையிலிருந்து வெளிவரும் ராய் எர்ல் என்ற முதிர்ந்த கொள்ளையனாக, காதோர முடி நரைத்து, ஒட்ட வெட்டிய தலையோடு வருகிறார் போகார்ட். கால் ஊனமுற்ற ஓர் இளம்பெண்ணின் சிகிச்சைக்குப் பணம் கொடுத்துவிட்டு, அவள் தன்னை மணப்பாள் என்று நம்புகிறான் எர்ல். அவள் மறுக்கும் காட்சியில் அவன் முகம் இறுகுவதில்லை. தான் எவ்வளவு கேலிக்குரியவன் என்று அப்போதுதான் தெரிந்துகொண்ட ஒருவனின் முகம் அது. திரைக்கதையை டபிள்யூ. ஆர். பர்னெட்டுடன் சேர்ந்து எழுதியவர் ஜான் ஹூஸ்டன். போகார்டின் வாழ்வில் ராஃப்டைவிடப் பன்மடங்கு முக்கியமான பெயர் இது.

அதே ஆண்டு ஹூஸ்டன் முதன்முறையாக இயக்கிய 'தி மால்டீஸ் ஃபால்கன்' படத்தையும் ராஃப்ட் மறுத்தார். அது முக்கியமான படமல்ல என்று ஜாக் வார்னருக்கு எழுதினார். அவரை ஏளனம் செய்வது எளிது, ஆனால் நியாயமன்று. டாஷியல் ஹாமெட்டின் அந்த நாவலை வார்னர் அதற்கு முன் இரண்டு முறை படமாக்கியிருந்தது, இயக்குநரோ அனுபவமில்லாதவர், செலவுத் தொகையும் சிறியது. எந்த நட்சத்திரமும் தயங்கியிருக்கக்கூடிய படம்தான்.

என் வாதத்துக்கு இந்தப் படமே மிக வலுவான சான்று, ஏனெனில் ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு வாய்ப்பு இருக்கிறது. 1931ஆம் ஆண்டின் முதல் படத்தில் துப்பறிவாளர் சாம் ஸ்பேடாக ரிக்கார்டோ கார்ட்டெஸ் நடித்தார். கதை அதேதான், பல வசனங்களும் அதேதான். கார்ட்டெஸின் ஸ்பேட் எப்போதும் புன்னகைக்கிறான். எந்த ஆபத்தும் அவனைத் தொடுவதில்லை. ஆகவே எந்த ஆபத்தும் நம்மையும் தொடுவதில்லை. போகார்டின் படத்தில் ஒரு காட்சி. கட்மேன் என்ற பருத்த மனிதனின் ஓட்டல் அறையில் ஸ்பேட் கடுங்கோபத்தோடு கத்தி, கண்ணாடிக் குவளையை உடைத்துவிட்டுக் கதவை அறைந்து வெளியேறுகிறான். வெளியே வந்ததும் முகத்தில் சிரிப்பு மலர்கிறது. கோபம் நாடகம்தான் என்று நமக்குத் தெரிகிறது. அடுத்த கணம் அவன் தன் கையைப் பார்க்கிறான். கை நடுங்குகிறது. நடித்தது கோபத்தை மட்டும்தான், நடுக்கம் நிஜம் என்பது அவனுக்கே அப்போதுதான் தெரிகிறது. இந்த இரண்டு மூன்று விநாடிகளில் அமெரிக்கத் துப்பறியும் படத்தின் நாயகன் புதிதாகப் பிறந்தான் என்று சொன்னால் அது மிகையாகாது என்பது என் உறுதியான எண்ணம். வில்லனாக நின்று கற்ற நடுக்கம் அது.

'காசாபிளாங்கா'வையும் ராஃப்ட் மறுத்தார் என்று பரவலாகச் சொல்கிறார்கள், அது சரியன்று. 1942 வசந்தத்தில் ஜாக் வார்னர் ராஃப்டின் பெயரை முன்வைத்தார், ஹால் வாலிஸ் ஏற்க மறுத்தார்; அந்த வேடம் போகார்டை மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது என்பது அவருடைய நிலைப்பாடு. ரொனால்ட் ரீகன் நடிப்பதாக இருந்தது என்ற கதையும் ஒரு விளம்பரச் செய்தியிலிருந்து முளைத்ததுதான். மைக்கேல் கர்ட்டிஸ் இயக்கிய இந்தப் படம் 1942 நவம்பர் 26 அன்று நியூயார்க்கில் முதலில் திரையிடப்பட்டது. நேச நாட்டுப் படைகள் வட ஆப்பிரிக்காவில் இறங்கிய சில வாரங்களுக்குள் காசாபிளாங்கா என்ற ஊர்ப்பெயர் செய்தித்தாள்களில் தினமும் இருந்தது படத்துக்குத் துணையாயிற்று. போகார்ட் நடித்த ரிக் பிளேன் நமக்கு முதலில் முகமாக அறிமுகமாவதில்லை. காசோலையில் கையெழுத்திடும் கை, மதுக்கோப்பை, சதுரங்கப் பலகை, அதன் பிறகே முகம். தனியாகச் சதுரங்கம் ஆடும் மனிதன் அவன், எதிராளியை அனுமதிக்காதவன். போகார்ட் நிஜவாழ்விலும் நல்ல சதுரங்க ஆட்டக்காரர். பழைய காதலி வந்துபோன இரவில் இருட்டில் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காட்சியில் அவர் அழகாகச் சோகப்படுவதில்லை. கசப்பும் தன்னிரக்கமும் கலந்து, பார்ப்பதற்கே சங்கடமாக இருக்கிறார். அந்தச் சங்கடத்தை அவர் அனுமதித்ததால்தான் விமான நிலையத்தில் அவன் காட்டும் பெருந்தன்மைக்கு எடை கூடுகிறது. படத்துக்கும் கர்ட்டிஸுக்கும் திரைக்கதைக்கும் ஆஸ்கர் கிடைத்தன. போகார்ட் பரிந்துரைக்கப்பட்டும் விருது பால் லூகாஸுக்குச் சென்றது.

இதன் பிறகு வந்த புகழைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஹோவர்ட் ஹாக்ஸின் 'டு ஹேவ் அண்ட் ஹேவ் நாட்' (1944) படப்பிடிப்பில் 19 வயது லாரன் பகாலைச் சந்தித்தார். 1945 மே 21 அன்று ஒஹையோ மாநிலத்தில் எழுத்தாளர் லூயிஸ் பிராம்ஃபீல்டின் பண்ணை வீட்டில் மணந்தார். 'தி பிக் ஸ்லீப்' முதலாக இருவரும் சேர்ந்து நடித்த படங்கள் ஓடின. ஹாலிவுட்டின் மிக உயர்ந்த சம்பளக்காரர்களில் ஒருவரானார். 1947 அக்டோபரில், திரையுலகக் கம்யூனிஸ்டுகளைத் தேடிய அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக் குழுவின் விசாரணையை எதிர்த்து, ஹூஸ்டன், பகால், டேனி கே உள்ளிட்டோருடன் வாஷிங்டனுக்கு விமானத்தில் சென்றார். பத்திரிகைகளின் தாக்குதலும் தொழில் நெருக்கடியும் வலுத்தபோது, 1948 மார்ச்சில் ஒரு சினிமா இதழில் தாம் கம்யூனிஸ்ட் அல்ல என்று கட்டுரை எழுதிப் பின்வாங்கினார். சென்றது துணிவு, பின்வாங்கியது அக்காலத்தின் அச்சம் எவ்வளவு பெரியது என்பதற்குச் சான்று. இரண்டையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும்.

நான் அதிகம் மதிப்பது இதே காலத்தில் அவர் தேர்ந்தெடுத்த வேடங்களை. நாயக பிம்பம் கைக்கு வந்த நடிகர் அதைக் காப்பாற்றவே விரும்புவார். போகார்ட் அதைத் தாமே உடைத்தார். 1948இல் வந்த, பெரும்பகுதி மெக்சிகோவில் படமாக்கப்பட்ட ஹூஸ்டனின் 'தி ட்ரெஷர் ஆஃப் தி சியரா மாத்ரே' படத்தில் அவர் தெருவில் பிச்சை கேட்கும் டாப்ஸ். தங்கம் கிடைத்த பிறகு கூட்டாளிகள் மீது சந்தேகம் ஏறி, அழுக்குத் தாடிக்குள் தனக்குத்தானே பேசத் தொடங்கி, கடைசியில் கொள்ளைக்காரர்கள் கையில் பரிதாபமாக வெட்டுப்பட்டுச் சாகிறான். 'தி ரோரிங் ட்வென்டீஸ்' படத்தில் கெஞ்சிய மனிதனின் முழு வாழ்க்கைச் சரித்திரம் இது. ரசிகர்கள் அன்று தயங்கினார்கள். ஆஸ்கர் ஹூஸ்டனுக்கும் அவருடைய தந்தை வால்டர் ஹூஸ்டனுக்கும் சென்றது. போகார்டின் பெயர் பரிந்துரையில்கூட இல்லை. ஆஸ்கர் வரலாற்றின் பெரிய தவறுகளில் ஒன்று அது.

1948இல் தம் பாய்மரப் படகின் பெயரால் சான்டானா என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனத்தின் 'இன் எ லோன்லி பிளேஸ்' (1950) நிக்கலஸ் ரே இயக்கியது. இதில் போகார்ட் திரைக்கதை எழுத்தாளர் டிக்சன் ஸ்டீல். ஒரு பெண்ணின் கொலையில் சந்தேகத்துக்கு உள்ளாகிறான். போலீஸ் நண்பனின் வீட்டில், கொலை எப்படி நடந்திருக்கும் என்று அந்த நண்பனையும் மனைவியையும் வைத்தே நடித்துக்காட்டச் சொல்கிறான். கண்களின் மீது மட்டும் ஒளி விழ, அந்தக் கண்களில் படைப்பாளியின் உற்சாகமும் கொலைகாரனின் உற்சாகமும் பிரிக்க முடியாமல் தெரிகின்றன. அவன் கொலை செய்யவில்லை என்ற செய்தி இறுதியில் வருகிறது. அதற்குள் அவனை நேசித்த பெண் அவனுடைய கோபத்தைப் பார்த்துவிட்டாள், இனித் திரும்ப வழியில்லை. இந்தப் பாத்திரத்துக்காக அவரே பணம் போட்டார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆஸ்கர் 'தி ஆஃப்ரிக்கன் குயின்' (1951) படத்துக்குக் கிடைத்தது. காங்கோவிலும் உகாண்டாவிலும் கடும் சூழலில் எடுக்கப்பட்ட அதில், அழுக்குப் படகோட்டி சார்லி ஆல்நட்டாக, கேத்தரின் ஹெப்பர்னைச் சிரிக்கவைக்க நீர்யானைபோலவும் குரங்குபோலவும் செய்துகாட்டும் போகார்டை எனக்கும் பிடிக்கும். ஆனால் எலியா கசான் படத்தில் நடித்த மார்லன் பிராண்டோவை அவ்வாண்டு அவர் வென்றதில், முன்பு தராமல் விட்ட கடனைத் தீர்க்கும் எண்ணமும் கலந்திருந்ததாகவே தோன்றுகிறது. அதைவிட உயர்ந்த நடிப்பு 'தி கெய்ன் மியூட்டினி' (1954) படத்தில் இருக்கிறது. போகார்ட் நடித்த கேப்டன் குவீக் இராணுவ நீதிமன்றத்தில் நிதானமாகப் பேசத் தொடங்குகிறார். பாக்கெட்டிலிருந்து எஃகு உருண்டைகளை எடுத்து உருட்டுகிறார். காணாமல் போன ஸ்ட்ராபெர்ரி பழங்களைப் பற்றிப் பேச்சு வந்ததும் தம்மைத் தாமே சிதைத்துக்கொள்கிறார். பேச்சு நின்றதும் அறையில் யாரும் தம்மை நம்பவில்லை என்பது அவர் முகத்தில் ஏறுகிறது. கொடுங்கோலனைக் கண்டு மகிழ வேண்டிய இடத்தில் நமக்கு இரக்கம் வருகிறது. 1936இல் தொடங்கிய பாதை வந்துசேர்ந்த இடம் இது.

'தி ஹார்டர் தே ஃபால்' (1956) அவருடைய கடைசிப் படம். உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அவ்வாண்டு அறுவை சிகிச்சை நடந்தது. 1957 ஜனவரி 14 அன்று, 57ஆம் வயதில் காலமானார். அவர் இறந்த சில ஆண்டுகளுக்குள் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரத்து பிராட்டில் திரையரங்கில் மாணவர்கள் அவர் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கத் தொடங்கினார்கள். 1960இல் பிரெஞ்சு இயக்குநர் கொதார் எடுத்த 'பிரெத்லெஸ்' படத்தில் ஜான் பால் பெல்மாண்டோ அந்தக் கடைசிப் படத்தின் சுவரொட்டிக்கு முன் நின்று உதட்டை வருடுகிறார்.

இந்தப் பதிலைச் சரிபார்க்க விரும்புவோருக்கு நான் சொல்லும் வழி, 'காசாபிளாங்கா'வில் தொடங்க வேண்டாம் என்பதே. முதலில் 'தி ரோரிங் ட்வென்டீஸ்' படத்தின் கடைசி அரைமணி நேரத்தைப் பாருங்கள். பிறகு 'தி மால்டீஸ் ஃபால்கன்' கதையின் 1931, 1941 ஆகிய இரு வடிவங்களையும் அடுத்தடுத்துப் பாருங்கள். அதன்பின் 'இன் எ லோன்லி பிளேஸ்'. ராஃப்ட் நடித்த படம் ஒன்றையும் இடையில் சேர்த்துக்கொள்ளலாம். 1940இல் வந்த 'தே டிரைவ் பை நைட்' அதற்கு மிகவும் ஏற்றது, ஏனெனில் அதில் ராஃப்டும் போகார்டும் லாரி ஓட்டும் சகோதரர்களாக ஒரே காட்சிகளில் அருகருகே நடிக்கிறார்கள். முதல் பெயர் ராஃப்டுடையது, போகார்டின் பெயர் நான்காவது.